பொட்டு வைத்த வைஃபை பெட்டி

“பொட்டு வச்சா பெட்டி கெட்டுப் போயிருமா?”

பிள்ளைகளே, மலேசியாவின் கோலா சிலாங்கூரில் இணையக் கம்பெனி கவுண்டரில் வரிசையில் நின்றபோது இப்படி ஒரு சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாதான் கத்தினார். வீட்டுக்குச் சொந்தமாக வைஃபை பெட்டி வாங்கிவிட்டதால், கம்பெனியின் வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

கவுண்டரில் இருந்ததும் ஒரு தமிழ்ப் பெண்தான். “கறை இருக்கு ஆன்ட்டி. டேமேஜ்னுதான் போடணும். அந்த விசாரணை முடியிற வரைக்கும் வாடகை ஓடும்.”

“ஆயுத பூஜைக்கு வச்சதும்மா. உங்க வீட்ல வைக்கிறதில்லையா?”

“எங்க சாமானுக்கு வைப்போம். இது கம்பெனி சாமான் ஆன்ட்டி.”

“மழை பேஞ்சா லைன் போயிரும். போன் போட்டா ஒருத்தனும் வரமாட்டான். அப்பல்லாம் கம்பெனி சாமான்னு ஞாபகம் வரலயாலா?”

கூட வந்த கணவர் கைக்குட்டையை எடுத்தார். “விடு, தொடச்சிக் குடுத்துருவோம்.”

“கைய எடுங்க! நான் என்ன தப்பு பண்ணேன்?”

அந்த அம்மாவே பெட்டியின் வயரைச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

“எல்லாரும் பாருங்க. எரியுதா, இல்லயா?”

“எரியுது!” என்று வரிசையில் நான்கைந்து குரல்கள் எழுந்தன.

கவுண்டர்ப் பெண் ரசீதில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதி முத்திரை குத்தினாள்.

ரசீது கைக்கு வந்த பிறகும் அந்த அம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

“இப்ப வீட்ல இருக்கிறது என் பெட்டி. அதுக்கு மாலையே போடுவேன். எவன் கேக்கிறான்னு பாக்கிறேன்!”