ஈரத்துக்குக் கழித்த நாற்பது சொற்கள்

மழை இல்லாத நாளிலும் குடை கொண்டுபோகிற ஆள் நான். முன்ஜாக்கிரதை என்னோடு கூடப்பிறந்தது. அதைக் குற்றம் என்று நீங்கள் எழுதினால் எழுதலாம், மஹ்ரூப் அவர்களே. கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் ரயிலில் வந்து விசாரிக்கிறீர்கள். ஏதாவது எழுதத்தானே வேண்டும்.

பெயர் அம்பலவாணர். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். உங்கள் கழகம் தோட்ட உத்தியோகங்களுக்கு முதன்முறையாக இணையவழிப் பரீட்சை நடத்தியபோது, பதுளை நிலையத்துக்கு நேர்மையான மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும் என்று தோட்டத்துக்கு எழுதியிருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என் பெயரைக் கொடுத்தார். அவருக்கு என்னைத் தெரியும்.

என் நேர்மை விளங்க வேண்டுமானால் நீங்கள் கொழுந்து மடுவத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண்கள் பறித்துவரும் கொழுந்தை நிறுக்கிற இடம். தலைக்குப் பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் வேலை. நிறுத்ததும் நான் இரண்டு கிலோ கழிப்பேன், இலையில் நிற்கும் தண்ணீருக்காக. ஒவ்வொருத்தியின் தண்ணீரையும் தனித்தனியாக அளக்க முடியாதல்லவா? ஆகவே எல்லோருக்கும் அதே இரண்டு. பாரபட்சம் என்ற பேச்சே என் மடுவத்தில் கிடையாது.

தொண்ணூற்றுநான்கில் ஒரு வறட்சி. பெரியாயி என்று ஒருத்தி, சாக்கை இறக்கிவிட்டுத் தராசைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் மகள் தயானி.

"மூணு மாசமா பொட்டு மழை இல்லீங்க. எந்தத் தண்ணிக்குங்க ஐயா கழிக்கிறீங்க?"

"காலமைப் பனி."

"பனியும் காணோங்களே."

"அப்ப உங்கட வேர்வை."

"வேர்வைக்குச் சேத்துல்ல போடணும்." வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ஈரம் இருந்தா எங்க கண்ணு முன்னால கழிங்க. வெயில் நாளுல கழிச்சா அதுக்குப் பேரு திருட்டுங்க, ஐயா."

ஐயா என்று மரியாதையாகச் சொன்னபடியால் நான் கோபிக்கவில்லை. அன்று அவளுக்கு மட்டும் மூன்று கிலோ கழித்தேன். அவ்வளவு பேசினால் எச்சில் தெறிக்கும், அதுவும் ஈரம்தானே.

இனிப் பரீட்சைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஏழு, ஒரு சனிக்கிழமை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஸலீம் நடத்தும் கணினி நிலையம். பரீட்சார்த்திகள் பதினொரு பேர். உங்கள் விதிக்கோவையை மூன்று நாள் படித்து, பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பதினான்காம் பக்கம் இப்படிச் சொல்கிறது: வேறு இடத்திலிருந்து பிரதிசெய்து ஒட்டுதல் கூடாது, ஒட்டப்பட்டதாக மேற்பார்வையாளர் நம்பும் பகுதியை நீக்கிய பின்னரே விடையை அனுப்புதல் வேண்டும். 'நம்பும்' என்று போட்டது நீங்கள். நம்பிக்கைக்கு என்னிடம் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

வினா ஒன்றுதான். தோட்டத் தொழிலாளரின் நம்பிக்கையைப் பெற ஒரு சீர்திருத்தம் கூறுக. முந்நூறு சொற்களுக்குக் குறைந்த விடை திருத்தப்படமாட்டாது.

பதினொரு பேரில் தயானியும் ஒருத்தி. பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்க்கிற வேலை. சித்தியடைந்தால் பொறுப்பாளர் பதவி, கூடவே ஒரு குவாட்டர்ஸ். தாயை லயத்து ஒற்றை அறையிலிருந்து கூட்டிப்போகலாம். வயது முப்பத்தைந்து, ஆகவே கடைசி வாய்ப்பு. லயத்தில் கூரை ஒழுகுவதாகச் சொன்னாள். அது உண்மை. திருத்தித் தரச்சொல்லிப் பெரியாயி கொடுத்த கடிதங்கள் எல்லாம் என் மேசையில் பத்திரமாக இருந்தவை.

பாதியில் அவள் கையை உயர்த்தினாள். மேலே எழுதின ஒரு வசனத்தைக் கீழே கொண்டுவர வேண்டுமாம், மவுஸால் எடுத்துப் போடலாமா என்று கேட்டாள்.

"ஒட்டக்கூடாது, பிள்ளை."

"நான் எழுதினதுதாங்களே, ஐயா?"

"ஆர் எழுதினாலும் ஒட்டினால் ஒட்டினதுதான்."

அழித்துவிட்டு ஒற்றை விரலால் திரும்ப அடித்தாள். இருபது நிமிடம் போனது. முடிவில் முந்நூற்றுப் பன்னிரண்டு சொல். எழும்பும்போது, "எல்லாம் முழுசா போயிருங்களா?" என்று கேட்டாள்.

"உரியது போகும்," என்றேன்.

எல்லோரும் போன பிறகு பதினொரு விடைகளும் என் திரையில் இருந்தன. யார் ஒட்டினார், யார் ஒட்டவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளுக்கு ஆள் அளக்க முடியாது. எனக்குத் தெரிந்த நியாயமான வழி ஒன்றுதான். பதினெட்டுக்கு இரண்டு என்றால் முந்நூற்றுக்கு முப்பத்துமூன்று. அறையில் ஏசி ஓடியபடியால் ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று நாற்பதாக வைத்தேன். சாக்கில் கடைசியாக விழுந்தது மேலே இருக்கும், எடுப்பதும் மேலேயிருந்துதான். ஆகவே ஒவ்வொரு விடையின் கடைசி நாற்பது சொற்கள். அழிக்கிற முறையை ஸலீம் காட்டித் தந்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பத்துப் பேர் முந்நூற்றுக்குக் கீழே போனார்கள். ரமேஸ் ஒருவன்தான் தப்பினான். அவன் அவுஸ்திரேலிய ஆட்டுப்பண்ணை ஒன்றின் பக்கத்தை இன்டர்நெட்டிலிருந்து அப்படியே எடுத்து மூன்று தரம் ஒட்டியிருந்தான், தொள்ளாயிரம் சொல். நாற்பது போனதே தெரியவில்லை. பிறகு கேட்டேன். "ஐயா கழிப்பீங்கன்னு தெரியும், அதான் கூடுதலாவே போட்டேன்," என்றான். மடுவத்தில் வளர்ந்தவன். நனைந்த கம்பளி பற்றிய அவனுடைய பார்வை ஆழமானது என்று உங்கள் கழகம் சான்றிதழில் எழுதியிருந்ததையும் கண்டேன்.

தயானி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முந்நூத்திப் பன்னெண்டு இருந்துச்சுங்க. மூணு தடவை எண்ணினேன்."

"நிறுத்த பிறகு கொஞ்சம் குறையும், பிள்ளை."

அவள் என்னையே பார்த்தாள். தாயின் அதே பார்வை. "அன்னைக்கு வெயிலுங்களே, ஐயா," என்றாள். பிறகு போய்விட்டாள். உங்களுக்குக் கடிதம் போட்டது அவள்தான் என்று நினைக்கிறேன்.

ஆம், நான்தான் அழித்தேன். பதினொரு பேருடையதையும். அழிக்கிறதற்கு முன் வாசித்தீரா என்று கேட்டீர்கள். மற்றவர்களுடையதை வாசிக்கவில்லை, தயானியுடையதை வாசித்தேன். ஈரமான நாளில் மட்டும், தொழிலாளியின் கண்முன்னால் கழிக்க வேண்டும். வெயில் நாளில் கழித்தால் அதற்குப் பெயர் திருட்டு. அவளுடைய விடை அப்படி முடிந்தது. எழுத்து நன்றாக இருந்தது. எங்கேயோ கேட்டதாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். பெரியாயி, தொண்ணூற்றுநான்கு, என் மடுவம். சொல்லுக்குச் சொல் அங்கிருந்து எடுத்து ஒட்டியது. சாட்சி நானே. பதினொரு பேரில் ஒருத்தியையாவது பிழையில்லாமல் பிடித்திருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து பதிவுசெய்யுங்கள்.

இந்த வாக்குமூலத்தின் கடைசியில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதியிருந்தேன். வெளியே நல்ல வெயில்தான். இருந்தாலும், வழக்கப்படி, அதைக் கழித்துவிட்டேன்.