டெங்கிலில் இருந்த அண்ணன்

"வீட்ட விட்டுப் போன எங்கண்ணன கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிச்சுச்சு, அக்கா."

கிள்ளானில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த பெண், பக்கத்து சீட் அம்மாளிடம் சொன்னாள்.

"எப்படிமா?"

"லைப்ரரியில பழைய பேப்பரெல்லாம் ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரே படிச்சு வெச்சிருக்கு. எழுத்து மங்கிப் போயிருந்தாலும் கிட்டத்துல வர்ற பேரையெல்லாம் காட்டுது. அம்மா பேரப் போட்டேன். வருஷா வருஷம் அம்மாவுக்கு நினைவஞ்சலி குடுத்திருக்கு அண்ணன். கீழ அதோட பேரு, டெங்கில்னு ஊரு."

"பக்கத்துலதான் லா இருந்திருக்காரு!"

"நாங்க அந்தப் பேப்பர் வாங்கறதில்லக்கா."

"போய்ப் பாத்தீங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்புறம் அண்ணன் பேரையும் போட்டுப் பாத்தேன். கடைசி அஞ்சலியில அம்மா படம் இல்ல, அண்ணன் படம். கீழ சொந்தக்காரங்க யாரு பேரும் இல்ல. 'லோரி நண்பர்கள்'னு மட்டும் போட்டிருந்துச்சு."