ஆரஞ்சுப் பொட்டு

"இன்னொரு தடவை டாக்டர்னு சொன்னே, வெர்னா, நான்..."

"சொல்லுவேன். நெஞ்சு அடைச்சுக்கிட்டு ஆகாசத்துல..."

"நெஞ்சு என்னுது. விமானமும் என்னுது."

"அதுல பாதி ரிவெட் நான் அடிச்சது, ஆர்டன்."

எங்கள் சண்டை எப்போதும் இவ்வளவுதான். முடிந்ததும் என் கணவர் காபி போடுவார். தண்ணீராக இருக்கும், நான் குறை சொன்னதில்லை.

எங்கள் விஸ்கான்சின் ஊரில் சொந்தமாக விமானம் கட்டுவது அதிசயமில்லை. வாலில் ஒரு தகடு உண்டு. கைப்பிடியை இழுத்தால் அது எழும், மூக்கு நிமிரும். எவ்வளவு எழலாம் என்பதை ஒரு போல்ட் முடிவு செய்யும். தகடு அதில் 'டக்'கென்று இடித்து நிற்கும். தடுப்பு என்போம். ஒருவர் அதை முறுக்கினால், இன்னொருவர் அளந்து பார்த்து நட்டின் மேல் ஆரஞ்சு வண்ணத்தில் பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைத்ததை மறுபடி அளந்தால், வைத்தவரை நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் கொட்டகையில் பொட்டு வைப்பவள் நான்.

ஆர்டன் முறுக்கினார், நான் அளந்தேன், சரியாகவே இருந்தது. அவர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போன அன்று போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருகினேன், தகடு முழுதும் எழுமுன்பே இடித்து நிற்கும்படி. பழைய பொட்டைச் சுரண்டிப் புதிது வைத்தேன். மூக்கு நிமிராது, சக்கரம் புல்லை விட்டு எழாது, சோள வயல் ஓரம்வரை ஓடி நின்றுவிடும், மனிதர் வெறுத்துப்போய் விட்டுவிடுவார் என்பது என் கணக்கு. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் பறப்பன்று வெண்டெல் வந்தான். ஆர்டனின் சிநேகிதன், ஊரில் பல பேருடைய விமானங்களை முதலில் பறக்கவிட்டவன்.

"கெழவா, எறங்கு. இதை நான் கொண்டுபோறேன். நீ கீழ நின்னு கண்ணைக் கசக்கு."

"கீறல் விழுந்தா உன் தோலை உரிச்சுடுவேன்."

"என் தோல்ல ஒரு செருப்புகூடத் தேறாதுடா."

ஆர்டன் இறங்கினார். வெண்டெல் கைப்பிடியை இழுத்தான். டக்.

"நல்ல சத்தம். பொட்டு யாரு வச்சது?"

"வெர்னா."

"அப்புறம் எதுக்குப் பாத்துக்கிட்டு."

வெண்டெலின் மனைவி மார்லிஸ் என் கையில் ஒரு டோனட்டைக் கொடுத்தாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆர்டன் சரிசெய்வார். சரிசெய்தால் ஒருநாள் அவரே பறப்பார். டோனட்டைச் சாப்பிட்டேன்.

சக்கரம் புல்லை விட்டு எழுந்தது. எஞ்சினின் காற்று வாலில் வேகமாக மோதும்போது அந்தக் குறைந்த அளவே போதும் என்பதை நான் யோசிக்கவில்லை. இறங்க வரும்போது எஞ்சினைத் தணிப்பார்கள், அந்தக் காற்று இருக்காது. வெண்டெல் கடைசிவரை இழுத்துக்கொண்டுதான் இருந்திருப்பான். மூக்கு நிமிரவில்லை. அவனைச் சோள வயலிலிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள்.

தடுப்பைத் தானே தப்பாக முறுக்கியதாகவும், நான் அவர் மேலுள்ள நம்பிக்கையில் சரியாக அளக்காமல் விட்டதாகவும் ஆர்டன் நினைக்கிறார். விசாரிக்க வந்தவர்களிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நட்டு என் கை முறுக்கினது. அவளை விடுங்க" என்றார். நல்ல மனிதர். கொட்டகைப் பக்கமே போவதில்லை. இனி பறக்கவும் மாட்டார். அந்த மட்டில் நான் நினைத்தது நடந்தது.

ஆனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மாத்திரையைத் துப்புகிறார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

அதனால்தான் இன்று காலை மார்லிஸின் சமையலறையில் உட்கார்ந்து, இதையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்து அவருகிட்ட, உங்க மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, மார்லிஸ். என் பேரை மட்டும் எடுக்காதே. அவரு நெஞ்சு தாங்காது."