தொலெதோ பொற்காசில் அரம் பட்ட இடம்

மஸ்கட், ரூவி போலீஸ் நிலையம். 14-11-1995, செவ்வாய், காலை 11 மணி. சொல்பவர் தமிழில் சொல்லச் சொல்ல எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர் ரகுநாதன்.

என் பெயர் முகம்மது ஆசிக். வயது 44. சொந்த ஊர் காயல்பட்டினம். ரூவியில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் பதினாறு வருடமாக வேலை, கடைக்கு மேலேயே ரூம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். என்னோடு அதே கடையில் வேலை செய்து அதே ரூமில் இருக்கும் உவரி ஊர் ஞானையா, தங்கம் சுரண்டினான் என்று நேற்று மாலை முதல் லாக்கப்பில் இருக்கிறான். சுரண்டியவன் நான். வியாழக்கிழமை அவனுக்கு ஊருக்கு டிக்கெட், ஞாயிறு அவன் தங்கைக்குக் கல்யாணம்.

புகார் கொடுத்த சிவசங்கரன் சார் கம்பெனி இன்ஜினியர். ஸ்பெயின் தேசத்துப் பழங்காசுகளைச் சேர்ப்பவர். காசுகளுக்குக் கண்ணாடிக் கூடு செய்ய எங்கள் கடைக்கு வருவார். இதற்கு முன் ஏழு காசு கொண்டுவந்தார். ஏழும் அந்த தேசத்தை ஆண்ட முஸ்லிம் அரசர்களுடையவை. சதுரமான வெள்ளிக்காசுகூட உண்டு, அதில் எங்கள் மார்க்க உறுதிமொழியான கலிமா பொறித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் டீ ஆறும்வரை அந்தக் காசின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

சனிக்கிழமை காலை எட்டாவது காசைக் கொடுத்தார். தங்கம். டாக்ஸியை வெளியே நிறுத்தியிருந்ததால் கதை சொல்லவில்லை. "பாய், பாலிஷ் மட்டும் போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஞானையா கண்ணாடி வெட்டி வர அடுத்த தெருவுக்குப் போனான். நான் தொழுகைக்குப் போல முகம், கை, கால் கழுவி ஒளூ செய்துவிட்டுத்தான் காசைத் தொட்டேன். அரபு எழுத்து இருக்கும் எதையும் நான் அப்படித்தான் தொடுவேன். தெருவில் அரபுப் பேப்பர் கிடந்தால் மிதிபடக் கூடாதென்று எடுத்து மேலே வைப்பவன் நான். கடைப்பக்கம் எல்லோரும் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள், செய்யட்டும். எனக்கு குர்ஆன் ஓதத் தெரியும், அரபியில் அர்த்தம் தெரியாது.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். கோணல் எழுத்துதான். ஆனாலும் கூட்டிப் பார்த்ததில் 'அல்லாஹ்' என்று ஓரிடத்திலும் 'இமாம்' என்று ஓரிடத்திலும் இருந்தது. காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் எழுத்துக்கு மேலே ஒரு சிலுவை இருப்பதைப் பார்த்தேன். எவனோ பிற்காலத்தில் வேண்டுமென்றே குத்தியிருக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். சாரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மெல்லிய அரத்தை எடுத்து இருபது நிமிடத்தில் சிலுவையைத் தேய்த்துவிட்டேன். பக்கத்து எழுத்து ஒன்றில்கூட அரம் படவில்லை. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

விழுந்த பொடியைக் காகிதத்தில் மடித்து, பழைய பாட்டரி டப்பாவில் வைத்தேன். அதை இன்று ஒப்படைத்திருக்கிறேன். அரிசி மணியில் கால்பங்கு இருக்காது. திருடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

ஞானையா திரும்பி வந்தபோது அரம் என் கையில் இருந்தது. அவன் பார்த்தான், கேட்கவில்லை. ஞாயிறன்று அவனே கூட்டில் பொருத்தி, சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, சீட்டில் கையெழுத்துப் போட்டான். நேற்று அந்தச் சீட்டோடு போலீஸ் வந்து அவனைப் பிடித்தபோதும் என் பெயரை அவன் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன். ரூமில் அவன் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், விடிந்ததும் வந்துவிட்டேன்.

இன்று காலை அதிகாரி சிவசங்கரன் சாரை வரவழைத்தார். சார் தன் புத்தகத்தோடு வந்து விளக்கினார். அந்தக் காசு எண்ணூறு வருடத்துக்கு முன் தொலெதோ நகரில் அல்போன்சோ என்ற கிறிஸ்தவ அரசர் அடித்தது. வியாபாரிகள் அரபு எழுத்துக் காசைத்தான் நம்பி வாங்கினார்கள் என்பதால் அவரும் அரபியிலேயே அடித்தார். சிலுவை அவர் வைத்தது. அதிகாரி காசைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நான் கண்ட 'இமாம்' ரோமாபுரிப் போப்பாண்டவர். 'அல்லாஹ்' என்று நான் கூட்டியது சரிதான், ஆனால் அதற்கு முன்னால் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று இருந்தது.

லாக்கப்பிலிருந்து அழைத்துவந்து நிறுத்தியிருந்த ஞானையாதான் முதலில் பேசினான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "காக்கா, அப்பம் எங்க ஜெபத்தையா கண்ணுல ஒத்துனிய?" என்றான். சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. சார் காசைத் தடவிக்கொண்டே, "எத்தனை கை மாறி முழுசா வந்துது பாய், நம்ம ரூவிலயா இப்படி ஆகணும்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்று. மொழிபெயர்ப்பாளர் இது வழக்குக்குத் தேவையில்லை என்றார், நான் எழுதச் சொன்னேன். என் உம்மா எனக்கு எழுதும் கடிதமெல்லாம் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். சீலா மீன் விலையும் மருமகள் மேல் குறையும்தான் அதில் இருக்கும். நானும் அப்படியே பதில் எழுதுவேன். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்றாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அரத்தை எடுத்தேன். எடுத்ததற்கு வெட்கப்படுகிறேன். கண்ணில் ஒற்றியதற்கு வெட்கப்படவில்லை.

ஞானையாவை விட்டுவிட வேண்டும். எனக்கு என்ன விதித்தாலும், விசா போனாலும், ஏற்கிறேன். இதைத் தமிழில் திருப்பி வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) முகம்மது ஆசிக்

எழுதியவர் குறிப்பு: மேற்படியார் கையெழுத்தின் கீழே தம் கைப்பட ஒரு வரி அரபு எழுத்தில் எழுதினார். அதிகாரி இரண்டோர் இடத்தில் தடுக்கி, அதை உரக்க வாசித்து முடித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். தமிழ் என்றேன். "ஞானையா கை இதில் படவில்லை" என்பது அந்த வரி. பகல் 12.40க்கு ஞானையா விடுவிக்கப்பட்டார். மேற்படியார் நிலையத்தில் இருக்கிறார்.

ரகுநாதன்