லாரிக்கு எந்த ரேடியோ

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம். எங்கள் ஜெலுத்தோங் ஊரில் ரேஷன் அரிசி வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். அவர்களில் ஒரு லாரி டிரைவர் பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் தணிந்த குரலில் பேசினார்.

“காட்டுக்குள்ள போற லாரிக்காக, ரெண்டு பக்கமும் பேசுற ரேடியோ ரெண்டு வச்சிருக்கான் ஜப்பான் ஆபீசர். நல்லதா ஒண்ணு எடுன்னு சொல்றான் அண்ணே.”

“மட்டமானதா பார்த்து எடு, தம்பி.”

“ஏன்?”

“நல்லதை எடுத்தா, ரேடியோ உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். வெள்ளைக்காரனோட ஒற்றன்னு முடிவு பண்ணிடுவான்லா.”

“லாரி சேத்துல மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுறது?”

“சேத்துலேர்ந்து நடந்தாவது வரலாம். அவன் பிடிச்சிட்டுப் போன ஆளு யாராச்சும் வந்தானா?”

மீதி ஏழு பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.