எந்தக் கிளையிலும் சேராத கம்ப்யூட்டர்

மணி விடியகாலை மூணு. லாயாங் லாயாங் ஊர்லேருந்து வெளிய வர்ற பாதை... ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். ஒரு விளக்கு கிடையாது. காரை ஓரமா நிறுத்திட்டு, மடியில லேப்டாப்ப வச்சிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரு. யுகேந்திரன். என் கூட்டாளி வாசுகியோட வீட்டுக்காரர். ரெண்டு பேரும் எனக்கு நல்லாப் பழக்கம், அதனால கத விடுறேன்னு நெனைக்காதீங்க.

அவருக்கு நெட்வர்க் வேலை. நம்ம கூரியர் கம்பெனிக்கு ஒன்பது கிளை இருக்குல்ல, எல்லாத்தையும் ஒரே டொமைனுக்குள்ள, அதாவது ஒரே சர்வருக்குக் கீழ கொண்டு வர்ற காண்ட்ராக்ட் அவர்தான் எடுத்திருந்தாரு. எந்த கம்ப்யூட்டர் எந்தக் கிளைன்னு ஒரு பட்டியல் போடணுமாம். காலையில நாம ஆன் பண்றோம்ல... அது மொதல்ல சர்வர்கிட்ட, 'நான் எங்க இருக்கேன்?'னுதான் கேக்குமாம். சர்வர் பட்டியலப் பாத்து, 'நீ குளுவாங், நீ உலு திராம்'னு சொல்லுமாம்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் எந்தக் கிளையிலயும் சேரல. தெனமும் விடியகாலை மூணு மணிக்கு வரும். கேக்கும். பட்டியல்ல பேர் இல்ல, சர்வர் பதில் சொல்லாது. திரும்பத் திரும்பக் கேக்கும்...

லைன் எங்கேருந்து வருதுன்னு தேடிப் போனா, லாயாங் லாயாங்ல ரயில் தண்டவாளத்து ஓரமா நம்ம கம்பெனி மூடிப்போட்ட பழைய ஸ்டோர். கரண்ட் வெட்டி ரெண்டு வருசம். வாசல்ல இடுப்பளவு லாலாங் புல்லு. வெளிய கேபிள் அறுந்து தொங்குது. அவரு கையால தொட்டுப் பாத்திருக்காரு. அப்பவும் லேப்டாப்ல அது கேட்டுக்கிட்டே இருக்கு.

மனுசன் பயந்துட்டாரு. ஆனா காலையில ஒம்பது மணிக்கு பிளான் குடுக்கணும். எடம் இல்லாம ஒரு கம்ப்யூட்டர் தொங்கிட்டிருந்தா பாஸ் கையெழுத்துப் போட மாட்டாரு. ஏதாவது கிளையில போட்டா அந்த மேனேஜர் கேள்வி கேப்பாரு. இவரு டெஸ்ட் பண்றதுக்காக பெர்மாஸ் ஜெயாவுல இருக்கிற சொந்த வீட்டையும் ஒரு கிளையாப் போட்டு வச்சிருந்தாரு. 'வீடு'ன்னே பேரு. அதுக்குக் கீழ தூக்கிப் போட்டுட்டாரு.

கேக்குறது அந்த நிமிசமே நின்னு போச்சாம்.

மறுநாள் ராத்திரி... வாசுகிக்கு ஒரு நாத்தம் வந்து முழிப்புத் தட்டிருக்கு. ரப்பர் மரத்து ஒட்டுப்பால் நாத்தம் தெரியும்ல, வாளியில கெடந்து புளிச்சுப் போன மாதிரி. பக்கத்துல பாப்பா இல்ல. நாலு வயசுப் புள்ள. வாசல் கிரில் கம்பியப் புடிச்சிக்கிட்டு இருட்டப் பாத்து நிக்குது. யாருக்கோ பதில் சொல்ற மாதிரி மெதுவா, "இது எங்க வீடு"ங்குது.

அடுத்த ராத்திரி பாப்பா ஹால்ல நின்னுச்சு. கிரில் பூட்டித்தான் இருந்துச்சு. டிவி பக்கத்து மூலையப் பாத்து, "ஆமா, இங்கதான்"ன்னுச்சு. உடம்பு நெருப்பா கொதிக்குது. தலமுடியெல்லாம் அதே ஒட்டுப்பால் நாத்தம்... ரெண்டு தடவ குளிப்பாட்டியும் போகல. கிளினிக்ல வெறும் காய்ச்சல்னு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க.

யுகேந்திரனுக்கு உண்மை புரிஞ்சு போச்சு. வாசுகிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பட்டியல்லேருந்து அத அழிச்சாரு. ஒரு நிமிசத்துல தானா 'வீடு'க்குக் கீழ வந்து உக்காந்துக்கிச்சு. திரும்ப அழிச்சாரு. திரும்ப வந்துச்சு.

"வேற எதாவது கிளைக்கு மாத்துங்க"ன்னு வாசுகி அழுதிருக்கா.

"அங்கயும் ராத்திரி ஷிஃப்ட் பாக்குறவங்க இருக்காங்கடி"ன்னாரு. "நான் போயி அந்த மெஷினையே தூக்கிட்டு வந்துர்றேன்."

ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கெளம்புனாரு. அந்தச் செம்பனை ரோட்டுல கார் கால்வாய்க்குள்ள எறங்கிருச்சு. எதுக்காக திருப்புனாருன்னு அவருக்கே தெரியல. கால் எலும்பு முறிஞ்சு, குளுவாங் ஆஸ்பத்திரி.

மூணு மணிக்கு வீட்டுல வாசுகியும் பாப்பாவும் மட்டும்தான். ரூம் கதவ அடச்சிட்டு புள்ளையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு படுத்திருக்கா. அந்த நாத்தம் வருது... கட்டில் கால்மாட்டுல மெத்த அமுங்குது. மெதுவா. யாரோ உக்கார்ற மாதிரி. பாப்பா கண்ணத் தொறந்து அந்தப் பக்கம் பாத்து, "சரி, வர்றேன்"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிருக்கு.

வாசுகி ஒரு கையால புள்ளைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டா. இன்னொரு கையால அவரு வச்சிட்டுப் போன லேப்டாப்ப இழுத்தா. எப்படி மாத்துறதுன்னு அவரு செஞ்சப்போ பாத்திருக்கா. 'வீடு'க்குக் கீழ இருந்தத இழுத்து, மேல இருந்த ஒரு கிளைப் பேர் மேல விட்டா.

மெத்த நிமிந்துச்சு. நாத்தம் போச்சு. பாப்பா கொட்டாவி விட்டுட்டு அம்மா தோள்ல சாஞ்சு தூங்கிருச்சு. காலையில காய்ச்சலும் இல்ல.

இது நேத்து ராத்திரி நடந்தது. இன்னிக்கு சாயங்காலம் வாசுகி எனக்குப் போன் பண்ணா. முழுக்க சொல்லி முடிச்சா. புள்ள பொழச்சிருச்சேன்னு எனக்கும் அழுகை வந்துருச்சு. அப்புறம்தான் கேட்டேன், "எந்தக் கிளையில போட்ட?"

அவ அழ ஆரம்பிச்சுட்டா.

"மன்னிச்சுரு பிரவீனா"ன்னா. "ஒன்பது கிளைப் பேர்ல எனக்குப் பழக்கமான பேரு அது ஒண்ணுதான். நீ சொல்லிச் சொல்லி நான் கேட்ட உங்க கிளைப் பேரு."

அவ மேல எனக்குக் கோவம் வரல லா. அவ எடத்துல நான் இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். உடனே சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி இன்னிக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு லீவு கேட்டேன். ஆள் பத்தாது, வந்துருன்னுட்டாரு. நான் வரலைன்னாலும் நீங்க அஞ்சு பேரு வருவீங்க. ஒண்ணும் தெரியாம ஆளுக்கொரு மூலையில பார்சல் பிரிச்சிட்டிருப்பீங்க. அந்த நெனப்புலயே கெளம்பி வந்துட்டேன்.

அதனாலதான் டீ குடிக்கலாம்னு எல்லாரையும் இங்க கூட்டியாந்தேன். இந்த மேசைய விட்டு யாரும் தனியா எந்திரிச்சுப் போகாதீங்க.

செல்வா... நீ யாரப் பாத்து தலையாட்டுற?