மூன்று வாரம் வந்த விளம்பரம்

— போன் ஒட்டுக் கேட்குதுன்னு உங்க லேப்ல யாரு சொன்னது? சொல்லு, கொஞ்சம் சிரிச்சுக்கிறேன்.

— எல்லாரும்தான் சொல்றாங்க. ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு, வீட்ல முட்டிவலித் தொல்லைன்னு சும்மா பேச்சுவாக்குல சொன்னாளாம். சாயங்காலமே முட்டிவலித் தைலம் விளம்பரமா வந்து நிக்குதாம்.

— சிம்பிள் விஷயம்டி. பதினோரு வருஷமா விளம்பரம் போட்டுத்தான் சோறு திங்கறேன், நான் சொல்றதைக் கேளு. ஊர்ல இருக்கிறவங்க பேசறதையெல்லாம் உட்கார்ந்து கேட்க எவனுக்கு நேரம் இருக்கு? கேட்கவே வேண்டாம். வீட்ல அவங்க அம்மா போன்ல தைலம் தேடியிருப்பாங்க. ரெண்டு போனும் ஒரே வைஃபை. ஒரே வீட்டு ஆளுங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, அம்மா தேடினதைப் பொண்ணுக்கும் காட்டிடுவோம். அவ்ளோதான், சிம்பிள்.

— ஒரு வீட்ல ஒருத்தர் தேடினா இன்னொருத்தருக்கு வருமா?

— எப்பவும்னு சொல்ல முடியாது. ஆனா வரும்.

— அப்போ நான் தேடினது உங்களுக்கு வந்திருக்கணுமே.

— நீயா? நீ என்னத்தைத் தேடினே?

— என்னங்க, அந்தச் சட்டையை எத்தனை தடவை மடிப்பீங்க? கீழே வெச்சுட்டுப் பதில் சொல்லுங்க. வந்துச்சா?

— என்னென்னமோ வரும். எதைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?

— வேலை பார்க்கிற பெண்களுக்கான விடுதி. தனி ரூம், மூணு வேளைச் சாப்பாடு. எங்க லேப் புதுசா கிளை திறக்கிற ஊர்ல. வந்துச்சா, வரலையா?

— வந்துச்சு.

— எத்தனை நாளா?

— ஒரு மூணு வாரம் வந்திருக்கும்.

— மூணு வாரம்! பார்த்துட்டு என்ன பண்ணீங்க?

— தள்ளிவிட்டேன்.

— ஒத்தை விரலால தள்ளிவிட்டீங்க. எந்திரிச்சு வந்து, ‘என்னடி இது’ன்னு ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?

— தோணுச்சு. தினம் தோணுச்சு. கேட்டா நீ பதில் சொல்லிடுவியே. அதுக்குத்தான் பயந்தேன்.

— நல்லா இருக்கு போங்க. நான் ஒண்ணும் திருட்டுத்தனமாத் தேடல. உங்க போனுக்கு வரும்னு தெரிஞ்சேதான் தேடினேன்.

— தெரிஞ்சேவா? அப்புறம் எதுக்கு இவ்ளோ நேரம் ஒண்ணுமே தெரியாத பாப்பா மாதிரி கேட்டுட்டு இருந்தே?

— உங்க வாயால வரட்டும்னுதான். ரத்தம் எடுக்க வர்ற குழந்தைகிட்டகூட, ‘கண்ணா, இப்போ குத்தப் போறேன்’னு சொல்லிட்டுத்தான் நான் ஊசியைக் கையில எடுப்பேன். உங்ககிட்ட நாலு தடவை சொன்னேன். அந்த லேப் பொறுப்பை முழுசா எனக்குத் தர்றாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்னு. என்ன சொன்னீங்க?

— பார்க்கலாம்னேன்.

— அது முதல் தடவை. மத்த மூணு தடவையும் ‘ம்’. தலையைக்கூடத் தூக்கல. சரி, மனுஷன் கண்ணு எங்க போகுதோ அங்கயாவது போய் நிப்போம்னு உங்க போனுக்குள்ள வந்து நின்னேன். அங்கயும் தள்ளிவிட்டீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— தப்புதான். இங்க இருக்கிற வேலையை விட்டுட்டு, இந்த வயசுல புது ஊர்ல போய் யார்கிட்ட வேலை கேட்டு நிக்கிறதுன்னு மலைச்சுப் போயிட்டேன். அதை உன்கிட்ட சொல்லவும் வெட்கமா இருந்துச்சு.

— இதை அன்னிக்கே சொல்லியிருந்தா உட்கார்ந்து பேசி ஒரு வழி பண்ணியிருப்போம்ங்க.

— இப்போ பேசலாமே! இப்போ என்ன கெட்டுப்போச்சு? உண்மையைச் சொல்லட்டுமா? வியாழக்கிழமையோட அந்த விளம்பரம் நின்னுபோச்சு. அன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அப்பாடா, இவ மனசு மாறிட்டா, இங்கேயே இருந்துடுவான்னு நிம்மதியாத் தூங்கினேன்.

— விளம்பரம் நின்னா அதுதான் அர்த்தமா?

— வேற என்ன? ஒருத்தர் தேடறதை விட்டுட்டா, ஆர்வம் போயிடுச்சுன்னு நாங்க நிறுத்திடுவோம். சிம்பிள்.

— அதுக்கு மட்டும்தான் நிறுத்துவீங்களா? தொழில் தெரிஞ்சவர்தானே, யோசிச்சுச் சொல்லுங்க.

— இல்ல... இரு...

— சொல்லுங்க.

— ரூம் எடுத்து முடிச்சவங்களுக்கும்... நிறுத்திடுவோம்.